ரத்தான தண்டனையும் திரும்பப் பெற்ற வாரண்டும்: பின்னணிச் சரிபார்ப்புக்கு முன் எந்த வழியில் போவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள எங்கள் கோயில் அலுவலகத்தில் சனிக்கிழமை முற்பகலில் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பது என் வழக்கம். விசா நீட்டிப்புக்கு வரும் அர்ச்சகர்கள், உணவகச் சமையற்காரர்கள், முதியோர் உதவித்தொகைக்கு வரும் பாட்டிகள் என்று பலரும் வருவார்கள். சில ஆண்டுகளாக இவர்களோடு இன்னொரு வகையினரும் சேர்ந்திருக்கிறார்கள். கையில் ஒரு நியமன உத்தரவு இருக்கும். கைரேகைச் சரிபார்ப்பில் பாதகமான தகவல் வந்திருப்பதால் நியமனம் நிறுத்திவைக்கப்படுகிறது என்ற மின்னஞ்சலும் கூடவே இருக்கும். விசாரித்தால், வழக்கு மேல்முறையீட்டில் ரத்தாகிவிட்டது என்பார்கள். அல்லது வாரண்டை மாஜிஸ்திரேட்டே திரும்பப் பெற்றுக்கொண்டார் என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். அப்படியிருந்தும் பெயர் ஏன் வருகிறது, வந்தபின் இருக்கிற வழிகளில் எதை முதலில் எடுப்பது என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். இந்தத் தாள்களைப் பல ஆண்டுகளாகக் கையில் வைத்துப் புரட்டியவன், அவ்வளவுதான்.

நாம் 'போலீஸ் ரெக்கார்ட்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவது மூன்று வேறு இடங்களில் இருக்கிறது. கைதானவரின் விரல்ரேகை காவல் நிலையத்தில் எடுக்கப்பட்டு, தென்னாப்பிரிக்கக் காவல் துறையின் பிரிட்டோரியா குற்றப் பதிவு மையத்துக்குப் போகிறது. அங்கே அவர் பெயரில் ஒரு பதிவு திறக்கப்பட்டு, வழக்கின் முடிவு வந்து சேரும்போது நிரப்பப்படுகிறது. முந்தைய தண்டனைகளின் பட்டியலாக அங்கிருந்து வரும் தாளை எஸ்.ஏ.பி.எஸ். 69 என்பார்கள். வாரண்ட் அந்தப் பட்டியலில் சேராது. அது பிறப்பித்த நீதிமன்றத்தின் கோப்பிலும், காவல் துறையின் தேடப்படுவோர் பட்டியலிலும் இருக்கும். மூன்றாவது இடம், வேலை கொடுப்பவர்கள் அமர்த்தும் தனியார் சரிபார்ப்பு நிறுவனங்களின் அறிக்கை. இவர்கள் விண்ணப்பதாரரின் கைரேகையைக் காவல் துறைத் தரவோடு ஒப்பிட்டு, பொருத்தம் தென்பட்டால், சட்டவிரோதச் செயல் ஏதோ இருந்திருக்கலாம் என்ற பொருள்படும் ஒரே வரியை முதலில் திருப்பி அனுப்புவது உண்டு. தீர்ப்பாகித் தண்டனை பெற்றவரா, கைதாகி விடுபட்டவரா, முடிவு எழுதப்படாமலே கிடக்கும் வழக்கா என்று அந்த வரி பிரித்துச் சொல்லாது. விவரமான தாள் வந்து சேர்வதற்குள் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிடுகிறார்.

முதலில், மேல்முறையீட்டிலோ மறுஆய்விலோ ரத்தான தண்டனை. உயர் நீதிமன்றம் ரத்து செய்த அந்த நிமிடமே சட்டத்தின் கண்ணில் தண்டனை இல்லாமல் போகிறது. இதில் ஐயமே வேண்டாம். குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1977இன் 51ஆம் எண், அதன் 37ஆம் பிரிவில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒருவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பானாலும், அவர் தண்டனையை மேல் நீதிமன்றம் ரத்து செய்தாலும், வழக்கே தொடுக்கப்படாமல் போனாலும், அந்த வழக்குக்காக எடுத்த கைரேகைகள் 30 நாட்களுக்குள் அழிக்கப்பட வேண்டும் என்கிறது. ஆனால் அந்த 30 நாள் தீர்ப்புத் தேதியிலிருந்து ஓடுவதில்லை; குற்றப் பதிவுகளுக்குப் பொறுப்பான பிரிவின் தலைமை அதிகாரிக்கு அறிவிப்பு போய்ச் சேர்ந்த பிறகே ஓடத் தொடங்குகிறது. நான் பார்த்த தொல்லைகளில் பெரும்பகுதி இந்த ஓர் இடைவெளியில்தான் பிறந்திருக்கிறது. நீதிபதி கையெழுத்திட்டுவிட்டார், குடும்பம் கோயிலுக்கு வந்து அர்ச்சனையும் செய்துவிட்டது, பிரிட்டோரியாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் தன் மேல்முறையீட்டுத் தீர்ப்பின் நகலைக் கொண்டுவந்தார். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள உயர் நீதிமன்றத்தின் முத்திரை தெளிவாக விழுந்திருந்தது. மேல் மூலையில் 'ஏ.ஆர்.' என்று தொடங்கும் மேல்முறையீட்டு எண். காவல் துறைப் பதிவில் இருந்ததோ 'சாட்ஸ்வர்த் காஸ்' என்று தொடங்கும் புகார் எண். தீர்ப்பில் அந்த எண் எந்த வரியிலும் இல்லை. பிரிட்டோரியாவில் மேசை முன் அமர்ந்திருப்பவருக்கு, இந்த இரண்டும் ஒரே வழக்கு என்று காட்ட அந்தத் தாளில் ஒன்றுமே இல்லை. கீழ் நீதிமன்றத்தின் குற்றப்பத்திரிகை உறையில், ஜே 15 என்று அச்சிட்ட தாளில், புகார் எண்ணும் நீதிமன்ற வழக்கு எண்ணும் சேர்ந்து இருக்கும். அதன் நகலை எழுத்தரிடம் கேட்டு வாங்கித் தீர்ப்போடு இணைத்த பிறகுதான் விண்ணப்பம் நகர்ந்தது. அடையாள அட்டையின் நகலும், புதிதாக உருட்டி எடுத்த கைரேகையும் உடன் போயின. சான்றுநகல் 3 மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை என்பதால், நகலெடுக்கும் நாளையும் திட்டமிட்டுக்கொள்வது நல்லது.

இப்படி மூலப் பதிவையே திருத்துவது முதல் வழி. இரண்டாவது வழி, அறிக்கை கொடுத்த தனியார் நிறுவனத்தோடு வாதாடுவது. 'போப்பியா' என்று நாம் சுருக்கிச் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், 2013இன் 4ஆம் எண், 2021 ஜூலை 1 முதல் எல்லோரையும் முழுமையாகக் கட்டுப்படுத்துகிறது. அதன் 24ஆம் பிரிவின்படி, தவறான, காலாவதியான, முழுமையற்ற, அல்லது திசைதிருப்பும் தகவலைத் திருத்தவோ நீக்கவோ ஒருவர் கேட்கலாம். மறுத்தால் தகவல் ஒழுங்குமுறையாளரிடம் முறையிடலாம். குற்றம் குறித்த தகவலை அந்தச் சட்டம் தனி வகையாக வைத்து, அதைக் கையாளக் கூடுதல் கட்டுப்பாடும் போட்டிருக்கிறது. இந்த வழி விரைவானது. மின்னஞ்சலிலேயே முடிவதும் உண்டு. ஆயுள்தான் குறைவு. அந்த நிறுவனம் தன் அறிக்கையைத் திருத்தினாலும் பிரிட்டோரியாப் பதிவு அப்படியே இருந்தால், அடுத்த வேலைக்கு அடுத்த நிறுவனம் கைரேகையை ஒப்பிடும்போது அதே வரி மறுபடி வந்து நிற்கும்.

மூன்றாவது வழி, வேலை கொடுப்பவரிடமே தீர்ப்பு நகலை நீட்டி முன்கூட்டிச் சொல்லிவிடுவது. இதற்குக் காசு வேண்டாம், காத்திருப்பும் இல்லை. ஆனால் எதிரே இருப்பவரின் மனத்தை நம்பியே நிற்க வேண்டும். சட்டத்தின் காற்று இப்போது கொஞ்சம் நம் பக்கம் வீசுகிறது என்று சொல்லலாம்: வேலையின் தன்மைக்குத் தொடர்பில்லாத பழைய குற்றப் பதிவைக் காட்டி ஒருவரை ஒதுக்கியது நியாயமற்ற பாகுபாடு என்று 2024இல் தொழிலாளர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அது நிஜமாகவே தண்டனை பெற்ற ஒருவரின் வழக்கு. தண்டனை ரத்தானவரின் நிலை அதைவிட வலுவானது. ஆனால் வேலையை இழந்துவிட்டு வழக்காடி வெல்வதும், வேலையில் சேர்வதும் ஒன்றாகிவிடாது.

மூன்றில் எது என்று கேட்டால், மூலப் பதிவைத்தான் முதலில் தொடச் சொல்வேன், அதுவும் வேலை தேடத் தொடங்கும் முன்பே. நியமன உத்தரவு கைக்கு வந்து கெடு ஓடிக்கொண்டிருந்தால் மூன்றையும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டியதுதான். அப்போது வேலை கொடுப்பவரிடம் காட்ட, பிரிட்டோரியாவுக்கு விண்ணப்பம் போன ரசீது ஒரு நல்ல துணை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'கேஸ் வித்ட்ரா ஆயிற்று' என்பதை நம்மவர் விடுதலை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இரண்டு வகையைச் சொல்கிறது. குற்றம்சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரா மறுக்கிறாரா என்ற தன் பதிலைச் சொல்லும் முன்பே அரசுத் தரப்பு குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றால், அது விடுதலை ஆகாது; பின்னொரு நாள் அதே வழக்கை மறுபடி தொடுக்கலாம். பதில் சொன்ன பிறகு வழக்கை நிறுத்தினால், விடுதலைத் தீர்ப்புக்கு உரிமை உண்டு. ஆகவே வித்ட்ரா ஆனவர், எந்த நாளில், எந்தக் கட்டத்தில் அது நடந்தது என்று எழுதிய தாளை எழுத்தரிடம் கேட்டு வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும். முடிவு எழுதப்படாத பதிவுகளில் நான் கண்டவை பெரும்பாலும் இந்த முதல் வகைதான்.

வாரண்ட் விஷயம் இதைவிட எளியது, ஆனால் அதிலும் ஒரு கண்ணி உண்டு. 43ஆம் பிரிவின்படி பிறப்பித்த வாரண்ட், பிறப்பித்தவர் ரத்து செய்யும்வரை அல்லது நிறைவேற்றப்படும்வரை உயிரோடு இருக்கும். காலம் கடந்ததால் அது தானாகச் சாவதில்லை. நீதிமன்றத்துக்கு வரத் தவறியவர் மீது பிறப்பிக்கும் வாரண்டைச் சில நேரம் மாஜிஸ்திரேட் உடனே அனுப்பாமல் அடுத்த தேதிவரை நிறுத்திவைப்பார். அன்று வந்து நின்றால் ரத்தாகிவிடும். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனை மூழ்கடித்த வெள்ளத்தின்போது சாலை அடித்துக்கொண்டு போனதால் நீதிமன்றத்துக்கு வர முடியாத ஒரு பெண்மணிக்கு இப்படித்தான் வாரண்ட் எழுதப்பட்டது. அவர் அடுத்த வாரமே போய் நின்றார், மாஜிஸ்திரேட்டும் காரணத்தை ஏற்றுக்கொண்டு ரத்து செய்தார். அவர் செய்த ஒரு புத்திசாலித்தனமான காரியம், ரத்து உத்தரவின் முத்திரையிட்ட நகலைக் கைப்பையில் வைத்துக்கொண்டே சுற்றியது. பல மாதம் கழித்து ஒரு சாலைச் சோதனையில் அவர் பெயர் பட்டியலில் வந்தபோது, வண்டியின் விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தாளைக் காட்டித்தான் வீடு திரும்பினார்.

ரத்தான வாரண்டுக்கு இரண்டு வழிதான்: தாளை வைத்துக்கொண்டு பிரச்சினை வரும்போது காட்டுவது, அல்லது காவல் நிலையத்தில் விசாரணை அதிகாரியைப் பார்த்துப் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டதை உறுதி செய்வது. இரண்டாவதற்கு நடை அதிகம், ஆனால் வெளிநாடு போகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். விமான நிலையத்தில் தாளைக் காட்டி வாதாட நேரம் இருக்காது. வேலைச் சரிபார்ப்பைப் பொறுத்தவரை வாரண்ட் தண்டனை அல்ல, எஸ்.ஏ.பி.எஸ். 69இல் அதற்கு இடமில்லை. நான் சொன்ன கண்ணி வேறு. வராமல் போனதே ஒரு குற்றம்; எச்சரிக்கையின் பேரில் விடப்பட்டவர் வரத் தவறினால் 300 ராண்டுவரை அபராதமோ 3 மாதம்வரை சிறையோ விதிக்க 72ஆம் பிரிவு இடமளிக்கிறது. வந்து நின்ற அன்று, காரணம் சொல்லச் சங்கடப்பட்டு, அந்தச் சிறு அபராதத்தைக் கட்டிவிட்டு வந்தவர்கள் உண்டு. பிறகு மூல வழக்கு தள்ளுபடியானாலும், அந்தச் சின்னத் தண்டனை தனியாக உட்கார்ந்திருக்கும். காரணம் இருந்தால் அதை அன்றே சொல்லிவிட வேண்டும். மருத்துவர் சீட்டோ புகைப்படமோ இருந்தால் எடுத்துப் போக வேண்டும்.

இனி நம்மவர்களை அதிகம் கடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன்: குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம். தீபாவளி இரவு வெடிச் சத்தத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டாரோடு வாய்த்தகராறு, அது தள்ளுமுள்ளாகிக் காவல் நிலையம்வரை போகிறது. சனிக்கிழமை இரவு, திங்கள்வரை உள்ளே இருப்பதா, 500 ராண்ட் கட்டிவிட்டு இப்போதே வீட்டுக்குப் போவதா என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த கிடங்குத் தொழிலாளி ஒருவர் கட்டினார். போக்குவரத்து அபராதம் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக் கட்டினார். 57ஆம் பிரிவின்படி அந்தப் பணத்தையும் தாளையும் நீதிமன்ற எழுத்தர் பதிவேட்டில் ஏற்றியதும், அவர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவராகவே கருதப்படுகிறார். ஆறு ஆண்டு கழித்து, வேறு வேலைக்கான கைரேகைச் சரிபார்ப்பில், தாக்குதல் குற்றத்துக்கான தண்டனை என்று பெயர் வந்தபோதுதான் அவருக்கே அது தெரிந்தது.

இவர் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, பதிவு நீக்கம். 2009இல் நடைமுறைக்கு வந்த 271பி பிரிவின்படி, 20,000 ராண்டுக்கு மேற்படாத அபராதம், முழுவதும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை போன்ற சிறிய தண்டனைகளை, 10 ஆண்டுகள் கழிந்த பின், இடையில் அபராதத் தெரிவு இல்லாத சிறைத்தண்டனை எதுவும் பெறாதிருந்தால், பதிவிலிருந்து நீக்கக் கேட்கலாம். முதலில் காவல் துறையின் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்க வேண்டும். தண்டனையைக் காட்டும் அந்தச் சான்றிதழையே இணைத்து நீதித் துறையின் தலைமை இயக்குநருக்கு எழுத வேண்டும். பதிவை அழிக்கப் பதிவை அச்சிட்டுக் கொடுக்க வேண்டியிருப்பது வேடிக்கைதான். நீதித் துறை இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை, சான்றிதழுக்குத்தான் கட்டணம். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கு இந்த வழி அடைக்கப்பட்டிருக்கிறது. நிபந்தனைகள் பொருந்தினால் மறுப்பதற்கு இடம் குறைவு என்பது இதன் பலம். இன்னும் நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது அவருக்கு இதில் இருந்த பலவீனம்.

இரண்டாவது வழி, அந்தத் தண்டனையையே உயர் நீதிமன்றத்தின் மறுஆய்வில் ரத்து செய்யக் கேட்பது. அபராதம் கட்டினால் குற்றப் பதிவு விழும் என்று சொல்லப்படாமல் கட்டவைத்ததைக் காரணமாக ஏற்று, மேற்கு கேப் உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட தண்டனைகளை ரத்து செய்திருக்கிறது. வழக்கறிஞர் வைத்து மனுப் போட்டால் செலவு பல மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும். ஆனால் 304ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு இன்னொரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது: நீதிக்கு ஒவ்வாத முறையில் ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்ற நடவடிக்கை நடந்தது உயர் நீதிமன்ற நீதிபதியின் கவனத்துக்கு வந்தால், வழக்கமான மறுஆய்வில் உள்ள அதிகாரம் அவருக்கு அப்போதும் உண்டு. அந்த மாஜிஸ்திரேட்டுக்கே நடந்ததை எழுதி, கோப்பைச் சிறப்பு மறுஆய்வுக்கு அனுப்பும்படி கேட்கலாம். இதை நம்மவர் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள். கடிதத்தில் என்ன சொல்லப்பட்டது, எது சொல்லப்படவில்லை, எந்த நேரம், எந்த மொழியில் பேசினார்கள் என்று தெளிவாக எழுத வேண்டும். இந்த வழியின் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன்: தண்டனை ரத்தானால் வழக்கு ஆரம்ப நிலைக்குத் திரும்பும், அரசுத் தரப்பு விரும்பினால் மறுபடி நடத்தலாம். பதிவு நீக்கத்தில் அந்த ஆபத்து இல்லை.

மூன்றாவது, அரசியலமைப்பின் 84ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரின் மன்னிப்பு. 271பியின் வரம்புக்குள் வராத பெரிய தண்டனை பெற்றவர்களுக்கு இதுதான் மிச்சமுள்ள வாசல். 500 ராண்ட் அபராதத்துக்கு அந்த வாசலில் போய் நிற்பதில் பொருள் இல்லை.

மறுஆய்வு, பதிவு நீக்கம் என்ற இரண்டு வழிகளுக்கும் சட்டத்தில் உள்ள வேறுபாடு, வேலைப் படிவத்தில் உள்ள கேள்விக்குப் பதில் எழுதும்போதுதான் புரியும். மறுஆய்வில் ரத்தான தண்டனை நடக்காத தண்டனை. எப்போதாவது தண்டனை பெற்றீர்களா என்ற கேள்விக்கு மனத்தில் உறுத்தல் இல்லாமல் இல்லை என்று எழுதலாம். பதிவு நீக்கம் அப்படியல்ல: தண்டனை நடந்தது, பதிவு அழிக்கப்பட்டது. உள்நாட்டு வேலைக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தட்டுப்படாது, ஏனென்றால் சான்றிதழ் சுத்தமாகவே வரும். வெளிநாட்டு விசாவில் தட்டுப்படும். அமெரிக்க விசாப் படிவம், மன்னிப்போ பொதுமன்னிப்போ அதுபோன்ற வேறு எதுவோ கிடைத்திருந்தாலும், எப்போதாவது கைதானீர்களா, தண்டனை பெற்றீர்களா என்றே கேட்கிறது. அங்கே கைதுக்கு ஆம் என்று எழுதி, தீர்ப்பு நகலை இணைக்க வேண்டும். பதிவை அழித்த மகிழ்ச்சியில் பழைய தாள்களைக் கிழித்துப் போட்டவர்கள் இந்த இடத்தில் தவித்திருக்கிறார்கள். ஆசிரியர் மன்றத்தில் பதிவுக்கும், தனியார் பாதுகாப்புத் தொழிலில் பதிவுக்கும் போகிறவர்கள் படிவத்தின் வாசகத்தை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும்.

மூத்தவர்களுக்காக ஒன்று. நிறவெறிக் காலத்தின் இனச் சட்டங்களை மீறியதற்கான தண்டனைகளுக்கு 271சி என்று தனிப் பிரிவு உண்டு. அவை விண்ணப்பம் இல்லாமலே நீக்கப்பட வேண்டியவை, நீக்கப்படாமல் இருந்தால் எழுதிக் கேட்கலாம். 1913 சத்தியாகிரகத்தில் சிறை சென்று 1914 பிப்ரவரி 22 அன்று உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயரைச் சொல்லி வளர்ந்த ஊரில், அப்படிப்பட்ட பதிவை அழிக்க மாட்டேன், இருக்கட்டும் என்று என்னிடம் பிடிவாதமாகச் சொன்ன தாத்தா ஒருவர் உண்டு. நானும் வற்புறுத்தவில்லை.

கிடங்குத் தொழிலாளியின் விஷயத்தில் என் கருத்தைக் கேட்டபோது, சிறப்பு மறுஆய்வைத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டாரோடு இப்போது அவருக்குப் பகை இல்லை, புகார்தாரரே வழக்கை மறுபடி நடத்த விரும்பமாட்டார் என்ற கணக்கில் அப்படிச் சொன்னேன். பகை தொடர்ந்திருந்தால், நான்கு ஆண்டு பொறுத்துப் பதிவு நீக்கத்துக்குப் போகச் சொல்லியிருப்பேன். பல்கலைக்கழகச் சட்ட உதவி மையத்தில் ஒரு மாணவி கடிதத்தைத் திருத்திக் கொடுத்தார். இரண்டு பக்கக் கடிதம், அபராத ரசீதின் நகல், குற்றப்பத்திரிகை உறையின் நகல், சான்றிதழின் நகல். எழுத்தர் எங்கள் பிரதியின் மூலையில் தேதி முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பிரதியை இன்னும் இரண்டு நகலெடுத்து, ஒன்றைப் புதிய முதலாளிக்கும் மற்றொன்றை அறிக்கை கொடுத்த நிறுவனத்துக்கும் அன்று மதியமே அனுப்பினோம்.